ஒரே மலை, இரண்டு மார்ச்

ஜூன் மாதத்தில் போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் மலையில் பாதிதான் தெரியும். முகட்டை மேகம் மூடியிருக்கும். அந்த மேகம் நாள் முழுக்க அங்கேயே கிடக்கும், ஊருக்கு இறங்கி வராது. இறங்கி வருவது காற்று மட்டும்தான். மாந்தோப்புகளை உலுக்கி, இலவ மரங்களின் உச்சியை வளைத்து, தெருப்புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும் வறண்ட காற்று. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டை நோக்கிக் கிளம்பிவிடும். சாப்பாட்டுத் தூக்கோடு, மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளையும் அவர்கள் மறக்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரில் ஒரு சொட்டுக்கூட விழாத நாளில் மேலே நாளெல்லாம் நனைந்துகொண்டு வேலை பார்க்க நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த மலைக்கு நடக்கவும் கூடாரம் போட்டுத் தங்கவும் வருகிறவர்கள் எந்தப் பாதை, எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்கலாம் என்று கேட்கிறார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜீப் ஓட்டுநரிடம் கேட்பது வேறு: “மேல மழையாண்ணே?” அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. இந்த மலைக்கு இரண்டு முகங்கள். மேற்கு முகத்தில் பெரியாறு ஏரியும் அதைச் சுற்றியுள்ள புலிகள் காப்பகமும் இருக்கின்றன. கிழக்கு முகத்தில் போடிக்கு மேலே குரங்கணிச் சரிவு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்தில் அரை நாளுக்குள் போய்விடலாம். ஆனால் ஒரே மார்ச் மாதம் அங்கே ஒன்றையும் இங்கே அதற்கு நேர்மாறானதையும் செய்கிறது. ஏரிக்கரையில் அது புல்லை முளைக்க வைக்கிறது. குரங்கணியில் அதே மாதம் புல்லை எரிபொருளாக்கிவிடுகிறது. நடக்க வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியல் பெரும்பாலும் இந்த வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் காற்றின் கணக்கு. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேரளக் கரையில் 28 டிகிரி செல்சியஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலை மறிப்பதால் அது மேலே ஏற வேண்டியிருக்கிறது. உயரம் கூடக் கூட அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது. விரியும் வேலைக்குத் தன் வெப்பத்தையே செலவழிப்பதால் குளிர்கிறது. ஈரம் ஆவியாகவே இருக்கும்வரை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் குளிரும். 500 மீட்டர் ஏறியதும் 23 டிகிரி ஆகிறது. அந்தக் குளிரில் ஆவி துளிகளாகத் திரண்டு மேகமாகிறது என்று கொள்வோம். இங்கே ஒரு திருப்பம் நிகழ்கிறது. கடலில் ஆவியானபோது நீர் வாங்கிக்கொண்ட வெப்பத்தை, துளியாகும்போது காற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறது. அதனால் அதற்கு மேல் காற்று மெதுவாகத்தான் குளிர்கிறது, கிலோமீட்டருக்கு 5 டிகிரி அளவில். 2000 மீட்டர் உயர முகட்டை அடையும்போது 15, 16 டிகிரியில் நிற்கும். வழியெல்லாம் மழையாகக் கொட்டியிருக்கும்.

இப்போது முகட்டைத் தாண்டிப் போடியை நோக்கி இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. ஈரத்தை மேற்கே விட்டுவிட்டு வந்திருப்பதால் இந்தப் பக்கம் முழுவதும் கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதமே சூடேறுகிறது. போடி கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம். 1700 மீட்டர் இறங்கி வரும் காற்று 17 டிகிரி ஏறி, 33 டிகிரியில் ஊருக்குள் நுழைகிறது. கடற்கரையில் கிளம்பியபோது இருந்ததைவிட 5 டிகிரி கூடுதல். மேகம் முகட்டோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம். இறங்கத் தொடங்கியதும் சூடேறிய காற்றில் அதன் துளிகள் மீண்டும் ஆவியாகிவிடுகின்றன. பெரியாறு ஏரியைச் சூழ்ந்த தேக்கடிக் காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. போடிச் சமவெளிக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. கிடைப்பதிலும் பெரும்பங்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது.

மேற்குப் பக்க மழையின் வலிமை என்ன என்பதற்குக் குரங்கணிக்கு மேலே ஒரு வரலாற்றுச் சான்று இருக்கிறது. மூணாறு தேயிலைத் தோட்டங்களிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908இல் ஒரு சிறிய ரயில் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. 1924ஆம் ஆண்டு பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. பிறகு அது ஓடவே இல்லை. இன்று குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிறவர்கள் அந்தத் தேயிலை இறங்கிய சரிவின் வழியாகத்தான் ஏறுகிறார்கள்.

இரண்டு முகங்களுக்கும் நடுவே ஈரம் தங்கும் உயரத்தில் ஏலக்காய் இருக்கிறது. ஏலச்செடியின் வேர்கள் ஆழமாகப் போவதில்லை, மேல்மண்ணிலேயே படர்கின்றன. இலைகளோ அகலமானவை, நீரை வேகமாக இழப்பவை. அதனால் அதற்கு நேரடி வெயில் ஆகாது, நீண்ட வறட்சியும் ஆகாது. 600 முதல் 1200 மீட்டர் வரையிலான உயரமும், தலைக்கு மேலே மர நிழலும், காற்றில் ஓயாத ஈரமும் வேண்டும். பூச்சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகப் படர்கிறது. வெள்ளை இதழில் ஊதாக் கோடு ஓடும் சிறிய பூ அது. காலையில் விரியும் பூவின் ஆயுள் ஒரு நாள்தான். அந்தப் பகலுக்குள் தேனீ வந்து மகரந்தம் மாற்றினால்தான் காய். தேனீக்கள் கூடு கட்டுவது அந்த நிழல் மரங்களிலும் அருகிலுள்ள காட்டிலும். ஆக, போடியில் ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சாக்குக்குப் பின்னாலும் தோட்டத்துக்கு வெளியே நிற்கும் காடும் இருக்கிறது. நிழல் மரங்களைக் கிளை தறிக்கும்போது எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடுவது என்பதைத் தோட்டக்காரர்கள் கண்ணாலேயே அளந்து முடிவு செய்கிறார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். காட்டின் ஒளியியலை அதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் இங்கே இல்லை.

இனி ஏரி. போடியிலிருந்து சின்னமனூர், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வந்து மலையேறினால் குமுளி. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் தேக்கடிப் படகுத்துறை. ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரந்து, மலை மடிப்புகளுக்குள் விரல்களை நீட்டிக்கொண்டு கிடக்கும் இந்த ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பவேண்டும் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியிருந்தது. 1886இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் பணி தொடங்கியது. வெள்ளமும் காய்ச்சலும் காட்டு விலங்குகளும் பலரைப் பலிகொண்டன. அதையெல்லாம் கடந்து, சுண்ணாம்பும் சுட்ட செங்கல்பொடியான சுர்க்கியும் கலந்த காரையால் கல் அணை எழுந்தது. 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது.

அந்த அணையின் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்தது அணையே அல்ல, மலையைக் குடைந்த சுரங்கம். மழை பெய்யும் பக்கத்துக்கும் பெய்யாத பக்கத்துக்கும் நடுவே நிற்கும் முகட்டில் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் நீளத்துக்குத் துளை போட்டார்கள். மேகம் தாண்ட முடியாத சுவரை அந்தத் துளை வழியே நீர் தாண்டுகிறது. லோயர் கேம்பில் இறங்கி மின்சாரம் தருகிறது. வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் சேர்ந்து கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரையையும் தாண்டிப் போகிறது. காற்றும் மலையும் சேர்ந்து உண்டாக்கிய மழைமறைவைப் பாறையில் போட்ட ஒரு துளை சரிசெய்தது. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் ஜனவரி 15ஆம் தேதி பென்னிகுயிக்கின் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைப்பதை நேரில் பார்த்தால், அந்தத் துளை இங்கே எத்தனை வீடுகளில் உலை வைத்திருக்கிறது என்பது புரியும்.

ஏரிக்குப் போகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது நீரின் நடுவே நிற்கும் பட்ட மரங்கள். கருத்த, கிளையற்ற, சில இடங்களில் குத்தீட்டிபோல் கூர்ந்த தண்டுகள். 1895இல் ஏரி நிரம்பியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நூற்று முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. மரத்தை வெட்டி மழையில் போட்டால் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். தண்ணீரிலேயே நிற்கும் மரம் எப்படி இத்தனை காலம் நிலைக்கிறது?

மரத்தைச் சிதைப்பவை முக்கியமாகப் பூஞ்சைகள். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் செல்லுலோஸையும் விரைவாக உடைக்கும் நொதிகள் அவற்றிடம் உண்டு. ஆனால் அவை மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மரத்தின் நுண்குழல்களில் நீர் நிறைந்துவிட்டால் உள்ளே பூஞ்சை மூச்சுத்திணறிப்போகும். சில பாக்டீரியாக்கள் மட்டும் மெல்ல மெல்ல அரிக்கும். அவற்றுக்கு ஒரு நூற்றாண்டு பெரிய காலமே அல்ல. வெனிஸ் நகரத்தின் பழங்கட்டடங்கள் பல நூற்றாண்டுகளாக நீருக்கடியில் அடித்த மரக்கழிகளின் மீது நிற்பதும் இதனால்தான்.

நீருக்கு மேலே இருக்கும் பகுதிக்குக் காரணம் வேறு. ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்துக்குக் கீழே போனாலும் பூஞ்சை வளராது. திறந்த ஏரியில் வெயிலும் காற்றும் தண்டை விரைவில் உலர்த்திவிடுகின்றன. உண்மையில் நலிவான இடம் நடுவில் இருக்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில்தான் ஈரமும் காற்றும் மாறி மாறிக் கிடைக்கின்றன. பூஞ்சைக்கு இரண்டும் வாய்க்கும் இடம் அது ஒன்றே. அங்கேதான் தண்டுகள் மெலிகின்றன, அங்கேதான் ஒடிகின்றன. மென்மரங்கள் எல்லாம் அப்படி எப்போதோ விழுந்து மறைந்தன. இன்று எஞ்சி நிற்பவை வைரம் பாய்ந்த மரங்கள். தம்மைக் காத்துக்கொள்ள உயிரோடு இருந்தபோதே நடுத்தண்டில் நஞ்சும் பிசினும் சேர்த்து வைத்தவை. ஜிம்பாப்வேக்கும் ஜாம்பியாவுக்கும் நடுவே 1950களின் இறுதியில் உண்டான கரிபா ஏரியிலும் இப்படியே மூழ்கிய காடு நிற்கிறது. அதைப் பார்க்கவும் உலகெங்கிலுமிருந்து போகிறார்கள். நம் ஏரியின் மரங்கள் அவற்றைவிட அறுபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை.

இறந்த மரங்கள் என்று சொன்னாலும் அவை சும்மா நிற்கவில்லை. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் மீன் பிடித்தபின் அவற்றின் மீது ஏறிச் சிறகை விரித்துக் காயவைக்கின்றன. இந்தப் பறவைகளின் இறகு வாத்தின் இறகைப்போல் நீரை முழுவதும் விலக்குவதில்லை. நனைவதால் உடலின் மிதப்பு குறைந்து எளிதாக மூழ்க முடிகிறது. அதற்கு விலையாக, ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் வெயிலில் உட்கார ஓர் இடம் வேண்டும். கரையிலிருந்து எந்த விலங்கும் எட்ட முடியாத அந்த இடத்தை மூழ்கிய காடு கொடுக்கிறது. கீழே அதே தண்டுகளைச் சுற்றி மீன்கள். மீன்களைத் தேடி நீர்நாய்க் கூட்டங்கள்.

ஏரியால் எல்லாமே நன்மை என்று சொல்ல வரவில்லை. ஓடும் ஆறு நின்ற நீராக மாறியதில் ஓடைமீன்கள் இடம் இழந்தன. திலேப்பியா, சாதாக் கெண்டை போன்ற வெளிநாட்டு மீன்கள் ஏரியைப் பிடித்துக்கொண்டன. உலகில் பெரியாற்றுப் படுகையில் மட்டுமே வாழும் மீனினங்கள், அணைக்கு மேலேயுள்ள ஓடைகளுக்குள் ஒதுங்கிவிட்டன. காட்டில் வாழ்ந்த மன்னான், பளியர் குடியினரும் ஏரியாலும் காப்பகத்தாலும் இடம் பெயர நேர்ந்தது. கரையில் நின்று அழகைப் பார்க்கும்போது இதையும் நினைக்கத்தான் வேண்டும்.

அணை நீருக்காகக் கட்டியது. அதைச் சுற்றிக் காட்டைக் காக்கும் ஏற்பாடு பின்னால் வந்தது. 1899இல் ஏரியைச் சூழ்ந்த காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1934இல் திருவிதாங்கூர் அரசு அதை வேட்டை விலங்குச் சரணாலயம் ஆக்கியது. 1950இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம். இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

ஏரிக்கரையின் மார்ச் மாதத்துக்கு வருவோம். டிசம்பரில் மழை ஓய்கிறது. சுரங்கம் வழியே நீர் தொடர்ந்து கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. மட்டம் நாளுக்கு நாள் இறங்குகிறது. கரையில் வண்டல் படிந்த ஒரு பட்டை வெளியே வருகிறது. மாதக்கணக்கில் நீருக்கடியில் கிடந்ததால் அங்கே மரமோ புதரோ வேர்விட முடிந்ததில்லை. போட்டியில்லாத ஈரமண், மேலே முழு வெயில், உடனே இளம்புல் முளைக்கிறது. உள்காட்டில் புல் காய்ந்து முற்றி, சத்து குறைந்து நார் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரம் அது. யானைகளும் காட்டுமாடுகளும் மிளாக்களும் கரைக்கு வருவது தாகத்துக்காக மட்டும் அல்ல. காட்டில் அப்போது நல்ல மேய்ச்சல் கிடைக்கும் இடம் அதுதான். கோடையில் தேக்கடியில் யானை நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வதன் பின்னே இருப்பது இந்த இறங்கும் நீர்மட்டம். மழைக்காலத்தில் ஏரி நிறைந்துவிட்டால் அந்தப் புல்வெளி மூழ்கிவிடும், காட்டுக்குள் எங்கும் தீனி கிடைக்கும், விலங்குகள் கலைந்துபோகும். ஆகஸ்டில் போய்விட்டு ஒன்றும் பார்க்கவில்லை என்று வருந்துகிறவர்கள் காட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கூடாரம் போட்டுத் தங்குவதற்கும் இதையே பார்க்க வேண்டும். நீரோரம் அழகான இடம் என்று தோன்றுவது பெரும்பாலும் யானையின் வழித்தடம். ஆழமான பள்ளத்தில் காற்றில்லை என்று தோன்றினாலும், இரவில் சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று வழிந்து இறங்கி அங்கேதான் தேங்கும். பனிக்காலத்து விடியலில் ஏரியின் மீது எழும் வெண்புகை, பகல் வெயிலின் சூட்டைச் சேமித்து வைத்திருக்கும் நீரின் மீது அந்தக் குளிர்காற்று வந்து படிவதால் உண்டாவது. அதைப் பார்க்க விரும்பினால் விடியும் முன் எழுந்திருக்க வேண்டும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும்.

பெரியாற்றில் இந்த இடங்களை நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது, முடியாமலிருப்பதும் நல்லது. வனத்துறை வழிகாட்டிகளோடுதான் நடக்கவும் தங்கவும் அனுமதி. அந்த வழிகாட்டிகளின் வரலாறு இந்திய வனப் பாதுகாப்பில் தனி அத்தியாயம். வயணா என்று மலையில் வழங்கும் காட்டுப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துக் கீழே கொண்டுபோய் விற்றவர்கள் அவர்களில் பலர். அவர்கள்மீது வழக்குகள் இருந்தன. 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் அவர்களையே காவலுக்கும் வழிகாட்டலுக்கும் அமர்த்தினார்கள். வனக்காவலர் கண்ணில் படாமல் காட்டில் பல நாள் வாழப் பழகியவருக்கு, எந்த ஓடையில் கோடையிலும் நீர் நிற்கும், எந்தச் சத்தம் யானை, எந்த நாற்றம் புலி தின்ற இரை என்பதெல்லாம் தெரிந்திருக்கும். புத்தகத்தில் கிடைக்காத இந்த அறிவை ஒரு குற்றப் பட்டியலிலிருந்து மீட்டெடுத்த அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். பெரியாறு டைகர் டிரெயில் என்ற பெயரில் காட்டில் இரவு தங்கும் நடையை வழிநடத்துகிறவர்கள் அவர்களே.

மழைமாதங்களில் அட்டை உண்டு. நம் காலடி அதிர்வையும் உடல் சூட்டையும் மூச்சின் கரியமில வாயுவையும் உணர்ந்து அது வருகிறது. கடித்த இடத்தில் இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளைச் செலுத்துவதால் அட்டை விழுந்த பிறகும் கசியும். ஆபத்து இல்லை. முழங்கால் வரை இறுக்கமான துணிக்காலுறை போதும்.

இப்போது மறுபக்கம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைச் சரிவில் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். பலர் இளம்பெண்கள். ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் போர்வையில் தொட்டில் கட்டி, காயமடைந்தவர்களைத் தூக்கி இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அன்றும் அடுத்து வந்த நாட்களில் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அவர்களில் யாரும் அசட்டையாக இருந்ததால் இறந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சரிவில் தீ எப்படி நகரும் என்பது சமவெளியில் வளர்ந்த எவருக்கும் இயல்பாகத் தெரிய வராத ஒன்று. அதை நடக்கத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும்.

சமதளத்தில் தீச்சுடர் நேராக மேலே எழும், பக்கத்திலுள்ள புல்லைச் சற்றே சூடாக்கும். சரிவில் மேலே இருக்கும் புல் சுடருக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. சுடர் சரிவின் மீதே சாய்ந்து படிகிறது. எழும் சூடான காற்று அந்தப் புல்லின் ஈரத்தை முன்கூட்டியே விரட்டி, பற்றிக்கொள்ளும் பக்குவத்தில் வைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது உலகெங்கும் தீயணைப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 20 பாகைக்கு நான்கு மடங்கு, 30 பாகைக்கு எட்டு மடங்கு. மனிதர் வேகமோ சரிவு கூடக் கூடக் குறைகிறது. மேல்நோக்கி ஓடித் தீயை வெல்ல முடியாது.

இதோடு பகல்காற்று சேர்கிறது. போடிச் சரிவுகள் கிழக்கு நோக்கியவை. காலை வெயில் முதலில் அவற்றின் மீதுதான் விழுகிறது. சூடான சரிவையொட்டிய காற்று மேலே எழ, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி இழுபடுகிறது. நண்பகல் தாண்டும்போது அது வலுவாக இருக்கும். அந்த நேரத்தில் கீழே பற்றிய தீக்குச் சரிவும் காற்றும் ஒரே திசையில் உதவுகின்றன. ஓடைப்பள்ளங்கள் இன்னும் மோசம். இருபுறச் சுவர்களுக்கு நடுவே சூடான காற்று புகைக்கூண்டில் ஏறுவதுபோல் ஏறுகிறது. ஒளிந்துகொள்ள ஏற்ற இடம் என்று வறண்ட ஓடைப்பள்ளத்துக்குள் இறங்குவது உயிருக்கு ஆபத்து.

எரிபொருள் புல். வடகிழக்குப் பருவமழையில் ஆளுயரம் வளர்ந்த புல் ஜனவரியில் மஞ்சளாகிறது, மார்ச்சில் காய்ந்து நிற்கிறது. தடித்த மரம் ஈரமிழக்க வாரங்கள் வேண்டும். புல்லின் மெல்லிய தாளோ காற்றின் ஈரம் குறைந்த சில மணி நேரத்துக்குள் உலர்ந்துவிடுகிறது. காலையில் பனியில் நனைந்திருந்த சரிவு அன்று பிற்பகலிலேயே பற்றிக்கொள்ளக்கூடும். காலையில் ஏறும்போது ஈரமாக இருந்ததே என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

தீயைக் கண்டால் என்ன செய்வது? மேலே ஓடக் கூடாது. புகை போகும் திசைக்குக் குறுக்கே, சரிவின் பக்கவாட்டில் நகர வேண்டும். புல்லில்லாத பாறைப்பரப்பு, அகலமான பாதை, ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம், இவற்றில் எது அருகில் உண்டோ அங்கே போக வேண்டும். எரிந்து முடிந்த இடம் மீண்டும் எரியாது. தீயின் முனை மெலிந்திருக்கும் இடத்தில் கருகிய பக்கத்துக்குக் கடந்துவிடுவது, அதன் முன்னே ஓடுவதைவிடப் பாதுகாப்பானது. பாலியெஸ்டர், நைலான் உடை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி அப்படி உருகாது. மலைக்குப் போகிறவர்கள் விரும்பி அணியும் மெல்லிய செயற்கை இழைச் சட்டைகள் தீக்காலத்துக்கு ஏற்றவை அல்ல.

குரங்கணிக்குப் பிறகு அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. முன்பதிவு உண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். தீக்காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை, பாதைகள் மூடப்படுகின்றன. இதைக் கெடுபிடி என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூடும் தேதிக்குப் பின்னால் புல்லின் ஈரக்கணக்கு இருக்கிறது.

கிழக்குச் சரிவில் நடக்க நினைப்பவர்கள் நவம்பர் மழை ஓய்ந்தபின் டிசம்பரிலோ ஜனவரியிலோ போகலாம். புல் பச்சையாக இருக்கும், ஓடைகளில் நீர் இருக்கும், பார்வை கம்பம் பள்ளத்தாக்கின் கடைசி வரை போகும். ஏரிக்கரையின் விலங்குகளைப் பார்க்கக் கோடையின் தொடக்கம் நல்லது. காடு மிகவும் வறண்டுவிட்டால் அங்கும் நடையை நிறுத்துவார்கள், கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். டிசம்பர், ஜனவரியில் போடிக்கு மேலே போகிறவர்கள் சரிவின் குறுக்கே புல்லை அறுத்து, சருகைப் பெருக்கி, வெறும் மண்ணாக விட்டிருக்கும் நீண்ட பட்டைகளைப் பார்க்கக்கூடும். தீத்தடுப்புக் கோடுகள் அவை. பிப்ரவரிக்கு முன்னால் முடித்தாக வேண்டிய வேலை. ஆண்டுதோறும் புல் வளர்வதால் ஆண்டுதோறும் புதிதாக வெட்ட வேண்டும். வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் அடிவாரத்து ஊர்க்காரர்கள். வழியில் அவர்களைக் கண்டால் நின்று, இந்த ஆண்டு புல் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.